ரதர்போர்டு பிரபுவும் மண்ணின் ஆவியும்

சென்ற ஆண்டு ஐப்பசி மாதத்தில் எம் கலாசாலைப் பௌதிகப் பகுதியைச் சேர்ந்த நண்பர் ஒருவர் மணவாளக்குறிச்சிக் கடற்கரையினின்று ஒரு பை மணல் கொணர்ந்தார். அதனை உலர்த்திச் சலித்து, ஒரு சிறு புட்டியில் இட்டு, மூடியைச் சுற்றிலும் காற்றுப் புகாவண்ணம் அடைத்து, ஒரு மாத காலம் ஒருவரும் தொடலாகாதெனச் சீட்டெழுதி ஒட்டி அலமாரியில் வைத்துவிட்டார். இஃது எமக்கு மிக்க நகைப்பை விளைத்தது. எலுமிச்சங்காயை உப்பிலிட்டு ஊறவைப்பார் உண்டு. மணலை ஊறவைப்பாரை யாம் அன்றுதான் கண்டோம். யாது காரணமென்று வினவியபோது, மணல் மூச்சு விடுகின்றதென்றும், அம்மூச்சு வெளியே போகாதவாறு தடுத்து ஒரு திங்கள் பொறுத்தாலன்றி அம்மண்ணின் கதிரியக்கத்தை உள்ளவாறு அளத்தல் இயலாதென்றும் அவர் விடையிறுத்தார். இலக்கணமும் இலக்கியமும் பயிலும் எம்மனோர்க்கு மூச்சென்பது உயிருடைப் பொருளுக்கே உரியது. விளங்காமை உள்ளத்தை உறுத்தவே நூல்நிலையத்தை நாடினோம். ஆண்டு எமக்குக் கிடைத்தது ஒரு மனிதரின் வரலாறு. எர்னஸ்ட் ரதர்போர்டு என்னும் அப்பெருமகனாரின் சரிதத்தை எமக்கு விளங்கிய அளவில் ஈண்டு எழுதத் துணிந்தோம். பௌதிகம் வல்லார் பிழை பொறுப்பாராக.

ரதர்போர்டு 1871-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் 30-ஆம் நாள், நியூசிலாந்துத் தென்தீவில் நெல்சன் நகரை அடுத்த பிரைட்வாட்டர் என்னும் சிற்றூரின் அருகே பிறந்தார். தந்தையார் ஜேம்ஸ், ஸ்காட்லாந்தினின்று சிறு பிராயத்திலேயே கப்பலேறி வந்தவர். வண்டிச் சக்கரம் செய்தும், நிலம் உழுதும், பின்னர் நார்ச்செடி ஆலை நடத்தியும் குடும்பத்தைக் காத்தவர். தாயார் மார்த்தா திருமணத்திற்குமுன் பள்ளி ஆசிரியையாயிருந்தவர். பன்னிரு மக்களுள் ரதர்போர்டு நான்காமவர். வீட்டிற் செல்வம் இல்லை. ஆயினும் புத்தகம் இருந்தது. 1886-இல் இவருடைய இளைய சகோதரர் இருவர் படகிற் சென்று கடலில் மாண்டனர். அத்துயரத்திற்கு அடுத்த ஆண்டே இவர் உபகாரச் சம்பளம் பெற்று நெல்சன் கலாசாலையிற் புகுந்தார். அஃதும் முதல்முறை எழுதிய தேர்விற் கிடைத்ததன்று. இரண்டாம் முறை எழுதிப் பெற்றது.

பின்னர்க் கிறைஸ்ட்சர்ச் நகரத்துக் கான்டர்பரிக் கலாசாலையிற் பயின்று பட்டங்கள் பெற்று, மின் அலைகளால் இரும்பில் உண்டாகும் காந்த மாறுதலை ஆராய்ந்தார். 1851-ஆம் ஆண்டுப் பொருட்காட்சியின் ஆதாயத்தினின்று ஏற்பட்ட ஓர் உயர்ந்த உபகாரச் சம்பளம் நியூசிலாந்து மாணாக்கருள் ஒருவருக்குக் கிடைக்கவிருந்தது. 1895-இல் அதற்கு முதலிற் தெரிந்தெடுக்கப்பட்டவர் ரசாயனம் கற்ற மக்லாரின் என்பவரே. அவர் தம் குடும்ப நிலைமையால் அதனை ஏற்காது விடுக்கவே, அஃது இவருக்கு வந்தது. செய்தி வந்த வேளையில் இவர் தோட்டத்தில் உருளைக்கிழங்கு அகழ்ந்துகொண்டிருந்தார் என்றும், மண்வெட்டியை அவ்விடத்தே எறிந்துவிட்டார் என்றும் ஒரு கதை வழங்குகின்றது. கதையாயினும் ஆகுக. மண்ணை விட்டுப் போகின்றோம் என்று மகிழ்ந்தவர் தம் வாழ்நாளின் பெரும்பகுதியை மண்ணினுள் மறைந்து கிடந்த பொருள்களோடே கழிக்கப்போகின்றார் என்பதை அன்று அறிந்திரார். கப்பற் செலவுக்குக் கடன் வாங்கிக்கொண்டு அவர் இங்கிலாந்து சென்றார்.

கேம்பிரிட்ஜ் சர்வகலாசாலையில் கேவண்டிஷ் ஆய்வுக்கூடத் தலைவர் ஜே. ஜே. தாம்சன். அவரிடம் வேற்றிடத்துப் பட்டதாரிகள் ஆராய்ச்சி மாணாக்கராகச் சேர இடமளிக்கப்பட்ட முதல் ஆண்டே அது. ரதர்போர்டு அங்குச் சென்ற சின்னாட்களில் ரான்ட்கன் எக்ஸ் கதிரைக் கண்டார். 1896-இல் பெக்கரல் என்னும் பிரெஞ்சு அறிஞர் யுரேனியம் தானே கதிர் வீசுவதைக் கண்டார். ரதர்போர்டு தம் மின்னலை வேலையை விடுத்துக் கதிர்களின்பாற் திரும்பினார். கதிர் பட்ட காற்று மின்சாரத்தைக் கடத்தும். கடத்தும் அளவைக் கொண்டு கதிரின் அளவை அறியலாம். இவ்வொரு முறையே அவர் கைக்கோலாயிற்று. யுரேனியத்தின் கதிர் இருவகைப்படும் என்பதனையும், மெல்லிய தகட்டாலும் தடுக்கப்படுவது ஒன்று, ஊடுருவிச் செல்வது மற்றொன்று என்பதனையும் அறிந்து, அவற்றிற்குக் கிரேக்க நெடுங்கணக்கின் முதலிரண்டு எழுத்துக்களாகிய ஆல்பா, பீட்டா என்பவற்றையே பெயராக இட்டார்.

1898-இல் அவருக்கு வயது 27. கனடா தேசத்து மான்ட்ரியல் நகரில் மகில் சர்வகலாசாலை அவரைப் பேராசிரியராக அழைத்தது. அங்குப் பௌதிக ஆய்வுக்கூடத்தைப் பெரும்பொருள் செலவிட்டுக் கட்டியளித்தவர் வில்லியம் மக்டானல்டு என்னும் வணிகர். அவர் செல்வமெல்லாம் புகையிலையால் வந்தது. ஆயினும் அவர் புகை பிடிப்பாரைக் கண்டால் வெறுப்பவர். ரதர்போர்டோ வாயினின்று சுங்கானை எடாதவர். வள்ளல் வருகின்றார் என்ற செய்தி கேட்டவுடன் சன்னல்களைத் திறந்து சுங்கான்களை மறைப்பது அவ்வாய்வுக்கூடத்தில் வழக்கமாயிருந்ததாம். புகையிலையும் ரதர்போர்டு அங்குக் கண்ட பொருளும் பின்னாளில் ஒரே கணக்கில் வைத்து எண்ணப்பட்டன. அதனைப் பின்னர்க் கூறுவோம்.

அச்சர்வகலாசாலையில் மின்பொறியியற் பேராசிரியராயிருந்த ஓவன்ஸ் என்பார் தோரியம் என்னும் பொருளின் கதிரை அளக்கத் தொடங்கினார். யுரேனியத்தை அளந்தால் இன்று வந்த அளவே நாளையும் வரும். தோரியமோ ஓரிடத்து நில்லாது அளவிற் கூடியும் குறைந்தும் அலைத்தது. எதனால் அலைகின்றதென்று பார்த்தபோது ஒரு விந்தை புலப்பட்டது. அறைக்கதவைத் திறந்தால் அளவு குறைந்தது, மூடினால் மீண்டது. காற்றோட்டம் பட்டவுடன் கதிர் குறையுமாயின் கதிரைக் காற்று அடித்துச் செல்லுமோ? சூரிய ஒளியைப் புயற்காற்றும் அசைக்க மாட்டாதே.

கருவியிற் பிழையென்று கருதிக் கதவைத் தாழிட்டு வேலையைத் தொடர்வார் ஆயிரவர் உண்டு. ஓவன்ஸ் அங்ஙனம் செய்யாது கண்டதைக் கண்டவாறே குறித்தார். அப்பெருமை அவருக்கு உரியது. அவர் விடுமுறைக்கு இங்கிலாந்து சென்றபின் ரதர்போர்டு அதனை மேற்கொண்டார். காற்று அடித்துச் செல்வது கதிராக இருத்தல் இயலாதாகலின், தோரியத்தினின்று வேறு ஏதோ ஒரு பொருள் கசிந்து வெளிவருகின்றது என்பது அவர் துணிபு. தோரிய ஆக்சைடைக் காகிதத்திற் பொதிந்து ஒரு குழாயில் இட்டு, அதன்மீது காற்றை மெல்லச் செலுத்தி, அக்காற்றை வேறொரு கலத்திற் சேர்த்தார். தோரியத்தை விட்டுத் தொலைவிலிருந்த அக்கலத்துக் காற்றும் மின்சாரத்தைக் கடத்தியது. வந்த பொருள் காகிதத்தை ஊடுருவியது. பஞ்சின் வழியே சென்றது. நீரிலும் கந்தகத் திராவகத்திலும் குமிழியிட்டு எழுந்தும் மாறாது நின்றது. மெல்லிய அப்பிரகத் தகடு ஒன்றே அதனை மறித்தது. தூசியாயின் பஞ்சிற் தங்கும். நீராவியாயின் திராவகத்தில் ஒடுங்கும். இதுவோ இரண்டும் செய்யவில்லை. இதற்கு அவர் இட்ட பெயர் கசிந்து வருவது என்னும் பொருள்பட நின்றது. யாம் அதனைத் தமிழில் ஆவி என்றே வழங்குவோம்.

இனி, யாம் பெரிதும் வியந்த பகுதி வருகின்றது. ரதர்போர்டு காற்றை நிறுத்திவிட்டுக் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு கலத்தின் மின்னோட்டத்தைக் குறித்து வந்தார். ஏறத்தாழ ஒரு நிமிஷத்தில் அது பாதியாயிற்று. அடுத்த நிமிஷத்தில் எஞ்சியதிற் பாதி. அதற்கடுத்த நிமிஷத்தில் அதிற் பாதி. நம் முன்னோர் சிறுவர்க்கு அரை, கால், அரைக்கால், வீசம் என்று கீழ்வாயிலக்கம் கற்பித்தனரே, அக்கணக்கே அக்கலத்தில் தானே நடந்துகொண்டிருந்தது. சூடாக்கினும் குளிர்விப்பினும் அக்கணக்கு மாறுவதில்லை. இன்றைய நுண்கருவிகள் அக்காலத்தை 55.6 விநாடி என்கின்றன. ஒரு பொருள் பாதியாகும் காலமே அப்பொருளை அறிவிக்கும் அடையாளம் என்பதும், கதிரியக்கப் பொருள் ஒவ்வொன்றிற்கும் அவ்வடையாளம் உண்டென்பதும் உலகிற்கு விளங்கியது இக்கலத்தினின்றே. மூச்சையும் அதன் ஆயுளையும் ஒருங்கே அளந்தவர் அவர்.

அவ்வாவி மறைந்தபின்னும் கலம் முற்றும் அமைதியுறவில்லை. ஆவி தங்கிய இடத்துச் சுவர்களிலும் கம்பிகளிலும் ஏதோ ஒன்று படிந்து, அதுவும் கதிர் வீசி, 11 மணி நேரத்திற் பாதியாகக் குறைந்து வந்தது. எதிர்மின் ஊட்டிய கம்பியொன்றை உள்ளே நிறுத்தினால் படிவு முழுதும் அக்கம்பியிற் சென்று திரண்டது. கண்ணுக்குப் புலப்படாத அப்படிவை மணற்காகிதத்தால் தேய்த்தோ திராவகத்தாற் கழுவியோ அகற்றலாயிற்று. வாசகர் இப்படிவை மறவாது நினைவில் வைக்க வேண்டும். ஆவியினும் கொடியது அதன் பிள்ளைகளே என்பது பின்னர்ப் புலப்படும்.

இவ்வாராய்ச்சி 1900-ஆம் ஆண்டுத் தொடக்கத்தில் அச்சாயிற்று. அவ்வாண்டிலேயே ஜெர்மனி தேசத்து டார்ன் என்பார் ரேடியத்தினின்றும் இத்தகைய ஓர் ஆவி எழுவதைக் கண்டுரைத்தார். அதன் ஆயுள் மிக நீண்டது, பாதியாவதற்கு 3.8 நாள் செல்லும். அதுவே இன்று ரேடான் என வழங்கப்படுவது. தோரியத்தின் ஆவி அதற்கு உடன்பிறப்பு. தோரான் என்பது அதன் பெயர். ரதர்போர்டு தாயகம் சென்று, நெடுநாள் காத்திருந்த மேரி நியூட்டன் அம்மையாரை அவ்வாண்டிலேயே மணந்து மான்ட்ரியல் திரும்பினார். திரும்பியதும் அவருடன் சேர்ந்து ரேடியத்தின் ஆவியை ஆராய்ந்தவர் ஹாரியட் புரூக்ஸ் என்னும் இளம்பெண். அவரிடம் முதன்முதல் ஆராய்ச்சிப் பட்டம் பெற்ற மாணவி. அவ்வாவி மெல்லப் பரவுவதை அளந்து, அஃது ஓர் எடைமிக்க வாயுவே என்று இருவரும் 1901-இல் நிறுவினர். அவ்வம்மையார் பின்னர் அமெரிக்காவில் ஒரு பெண்கள் கலாசாலையில் ஆசிரியையாயிருந்தபோது, மணம் புரிவதாயின் பதவியை விடவேண்டுமென்று சொல்லப்பட்டார். 1907-இல் மணம் புரிந்ததோடு அவர் ஆராய்ச்சியும் முடிவுற்றது. 1933-இல், 56-ஆம் வயதில் இறந்தார். அவர் தொடர்ந்து ஆராய்ந்திருப்பின் இவ்வரலாற்றில் இன்னும் எத்துணைப் பக்கம் அவருக்கு உரியதாயிருக்குமோ என்று எண்ணாதிருக்க எம்மால் இயலவில்லை.

பிரடெரிக் சாடி என்னும் ரசாயன அறிஞர் துணையோடு ரதர்போர்டு மேலும் சென்றார். எத்தகைய ரசாயனப் பொருளோடும் சேராத இயல்புடையது அவ்வாவி என்று கண்டனர். மக்டானல்டு வாங்கியளித்த பொறியாற் காற்றைத் திரவமாக்கி, அக்குளிரில் ஆவியையும் உறையச் செய்தனர். தோரியம் வேறொரு பொருளாகிறது, அஃது ஆவியாகிறது, ஆவி படிவாகிறது. ஒரு தனிமம் மற்றொரு தனிமமாகத் தானே மாறுகின்றது என்னும் முடிவை 1902-இல் இருவரும் வெளியிட்டனர். இரசவாதிகளின் பழங்கனவு இதுவென்று நகைத்தாரும் உளர். ஆயினும் கணக்கு அவர் பக்கம் நின்றது.

நிற்க. ஆய்வுக்கூடத்துத் தோரியத்தை விட்டு ஆவி எப்போது தெருவிற்கும் வயலுக்கும் வந்தது? ஜெர்மனியில் வுல்பன்பூட்டல் என்னும் ஊரில் எல்ஸ்டர், கைட்டல் என்று இரு பள்ளியாசிரியர் இருந்தனர். பிரியா நண்பர், ஒரே வீட்டிற் கூடிவாழ்ந்து ஆராய்ந்தவர். ரதர்போர்டின் கம்பி முறையைத் திறந்த வெளியிற் செய்து பார்ப்போம் என்று அவர்கள் 1901-இல் மின்னூட்டிய கம்பியை வெளிக்காற்றில் நீளக் கட்டினர். அதன்மேலும் படிவு திரண்டது. குகைக்காற்றை அளந்தனர், மிகுதியாயிருந்தது. நிலத்தினுள் குழாய் செருகி மண்ணிடைக் காற்றை உறிஞ்சி அளந்தனர், அதினும் மிகுதியாயிருந்தது. கேம்பிரிட்ஜில் தாம்சன் ஆழ்கிணற்று நீரிலும் அவ்வாவியைக் கண்டார். நாம் நிற்கும் நிலமே ஓயாது மூச்சு விட்டுக்கொண்டிருக்கின்றது என்பது இங்ஙனம் வெளியாயிற்று.

இதனைக் கேட்டு ரதர்போர்டு வாளாவிருந்தாரல்லர். ஆலன் என்பவருடன் மான்ட்ரியல் நகரத்துக் காற்றையே கம்பி கட்டி அளந்தார். 1903-இல் குக் என்பவருடன் வேறொன்றைச் செய்தார். கதிர்ப்பொருள் ஒன்றும் அருகில் இல்லாதபோதும் மின்காட்டியின் இலைகள் மெல்லச் சரிவதைக் கண்டு, கருவியைச் சுற்றிலும் கனத்த ஈயத்தை அடுக்கினர். சரிவு குறைந்தது. எனவே சுவரினின்றும் தரையினின்றும் ஊடுருவும் கதிர் ஒன்று எப்பொழுதும் வந்துகொண்டிருக்கின்றது என்பது தெளிவாயிற்று. 1904-இல் அவர் வெளியிட்ட கதிரியக்க நூலில் வளியின் கதிரியக்கத்திற்கும் சாதாரணப் பொருள்களின் கதிரியக்கத்திற்கும் ஓர் அத்தியாயமே உண்டு. 1906-இல் இன்னுமொரு சிறு செய்தி எழுதினார்: மரக்கரி இவ்வாவியைக் குளிர்விக்காமலே உறிஞ்சிக் கொள்கின்றது என்பது அது. அவருடைய மற்றைய வெற்றிகளோடு வைத்துப் பார்த்தால் இது மிகச் சிறிது. ஆயினும் இன்று வீட்டின் அறையில் ரேடான் அளக்க விரும்புவோர் ஒரு சிறு டப்பாவிற் கரியை இட்டுச் சில நாள் திறந்துவைத்து, மூடி ஆய்வுக்கூடத்திற்கு அனுப்புகின்றனர். உலகெங்கும் பல்லாயிரம் வீடுகளில் திறந்துவைக்கப்பட்டது ரதர்போர்டின் கரியே.

எம் நண்பரின் புட்டியும் இப்போது எமக்கு விளங்கிற்று. மண்ணிலுள்ள ரேடியம் ஆவியை ஈன்றுகொண்டேயிருக்கின்றது. திறந்த மண்ணினின்று அதிற் சிலபகுதி பறந்துபோகின்றது. போனால் அதன் பிள்ளைகளும் இல்லை. கருவி அளப்பதோ அப்பிள்ளைகள் வீசும் காமாக் கதிரை. ஆதலின் தாயைக் கொண்டு பிள்ளையையும், பிள்ளையைக் கொண்டு தாயையும் அறியவேண்டின் ஆவியை வெளிவிடாது சிறைப்படுத்தல் வேண்டும். 3.8 நாளுக்கொரு முறை குறை பாதியாகின்றது. 30 நாளில் ஏறத்தாழ எட்டு முறை. அப்போது எஞ்சும் குறை 256-இல் ஒரு பங்கே. அலமாரியிற் கிடந்த அப்புட்டியைக் கண்டு நகைத்த எமக்கு அன்று சிறிது நாணமும் உண்டாயிற்று.

1907-இல் ரதர்போர்டு மான்செஸ்டர் சென்றார். ஆராய்ச்சிக்கு வேண்டிய ரேடியத்தை வியன்னா அறிஞர் கழகம் 1908-இல் அவருக்குக் கடனாக அனுப்பியது. அவ்வாண்டிலேயே ரசாயனத்திற்குரிய நோபெற் பரிசு அவருக்குக் கிடைத்தது. தனிமங்கள் மாறுவதைப் பல கண்ட தாம், ஒரே நொடியிற் பௌதிகரினின்று ரசாயனராக மாறியதே யாவற்றினும் விரைந்த மாற்றமென்று அவரே சொல்லி நகைத்தாராம். கைகர் என்னும் ஜெர்மானிய இளைஞருடன் ஆல்பாத் துகளை ஒன்றொன்றாய் எண்ணும் கருவி சமைத்தார். இருட்டறையில் அமர்ந்து துத்தநாக சல்பைடுத் திரையில் தோன்றும் சிறு மின்னல்களை எண்ணும் வேலைக்குக் கைகரின் பொறுமையே ஏற்றது. ரதர்போர்டின் இயல்பு அதற்கு ஒத்ததன்று. அக்கருவியும் அத்திரையும் இன்றும் மண்ணாராய்ச்சிக்கு உதவுகின்றன. நிலத்தினின்று உறிஞ்சிய காற்றைத் துத்தநாக சல்பைடு பூசிய கலத்தில் அடைத்து எண்ணுவர். கண்ணுக்குப் பதில் மின்கருவி எண்ணுகின்றது, அவ்வளவே.

அணுவின் நடுவே கரு உண்டென்று 1911-இல் அவர் நிறுவியதை உலகம் அறியும். அதனை விரிக்கப் புகோம். ஆயினும் பலர் கருதாத ஒன்றுண்டு. கைகரும் மார்ஸ்டனும் பொற்றகட்டின்மீது எறிந்த ஆல்பாத் துகள்கள் பெரும்பாலும் ஒரு சிறு கண்ணாடிக் குழலில் அடைத்த ரேடியத்து ஆவியினின்று பிறந்தவை. அதற்குமுன், ஆல்பாத் துகள் ஹீலியமே என்று ராய்ட்சுடன் நாட்டியபோதும், கண்ணாடி ஊதும் பாம்பாக் என்னும் கைவினைஞர் மயிரினும் மெல்லிய சுவருடைய குழல் செய்து கொடுக்க, அதனுள் அடைத்தது அவ்வாவியையே. மண்ணின் மூச்சே அணுவின் உள்ளறையைத் திறந்த சாவி.

அந்த வியன்னா ரேடியம் எங்கிருந்து வந்தது? பொஹீமியாவில் யோவாகிம்ஸ்தால் என்னும் சுரங்கத்தினின்று. அம்மலைத்தொடரின் மறுபக்கத்தில் சாக்சனி நாட்டு ஷ்னீபெர்க் சுரங்கங்கள் உள்ளன. அவ்வூர்ச் சுரங்கத் தொழிலாளர் நடுவயதிலேயே நெஞ்சுநோயால் மாள்வது 16-ஆம் நூற்றாண்டிலேயே எழுதப்பட்டிருக்கின்றது. யோவாகிம்ஸ்தாலில் வைத்தியராயிருந்த அக்ரிகோலா சுரங்கத் தூசியைக் குறைகூறினார். மலைப்பேய்களைக் குறைகூறினாரும் உண்டு. 1879-இல் ஹார்ட்டிங், ஹெஸ்ஸே என்னும் மருத்துவர் இருவர் அந்நோய் நுரையீரற் புற்று என்று கண்டு கூறினர். மான்ட்ரியலில் ரதர்போர்டு ஆவியைக் குழாயிற் செலுத்திக் கடிகாரம் பார்த்திருந்த அவ்வாண்டுகளிலும், மான்செஸ்டரிற் குழலில் அடைத்திருந்த ஆண்டுகளிலும், அம்மலையில் மனிதர் அதே ஆவியை உட்கொண்டு மடிந்துகொண்டிருந்தனர். நோய்க்கும் ஆவிக்கும் தொடர்புண்டோ என்னும் ஐயம் 1920-களிலேதான் வலுப்பெற்றது. உண்மையிற் கொல்வது ஆவியன்று, அஃது ஈன்று நுரையீரலில் ஒட்டவிடும் படிவே என்பது 1950-களிலேதான் தெளிவாயிற்று. ரதர்போர்டு 1900-இலேயே கண்ட அப்படிவுதான்.

ஈதறிந்து ரதர்போர்டை எச்சரிக்கை செய்த தீர்க்கதரிசி என்று புகழ்வார் உளராயின் அது முகமன் உரையேயாகும். அவர் அறிந்தது அளவை, தீங்கை அறிந்தாரல்லர். அக்காலத்தில் ஊற்றுநீரில் இவ்வாவி உண்டென்று கேட்ட செல்வர் அதனை மருந்தெனக் கருதி விலைகொடுத்துப் பருகினர். ஆயினும் அளவு இல்லாதவிடத்து ஐயமும் எழ வழியில்லை. சுரங்கக் காற்றில் இத்துணை உண்டு, ஊர்க்காற்றில் இத்துணை உண்டு என்று ஒப்பிட்டு நோக்க முடிந்ததனாலன்றோ நூற்றாண்டுகளாகப் பேயின்மேலும் தூசியின்மேலும் போட்ட பழி விலகிற்று! அவரை யாம் போற்றுவது அதன்பொருட்டே.

1984-ஆம் ஆண்டு டிசம்பரில் அமெரிக்காவின் பென்சில்வேனியா மாகாணத்தில் ஒரு நிகழ்ச்சி நடந்தது. இன்னும் மின்சாரம் உண்டாக்கத் தொடங்காத ஓர் அணுமின் நிலையத்திற் பணிபுரிந்த ஒருவர் வாயிலில் வைத்த கதிர்க்காவற் கருவியைக் கடக்கும்போதெல்லாம் அது கூவிற்று. பணி முடிந்து வெளியேறும்போது மட்டுமன்றிக் காலையில் உள்ளே நுழையும்போதும் கூவிற்று. அவர் வீட்டைச் சோதித்தனர். நிலத்தினின்று கசிந்த ரேடான் அவ்வீட்டுக் காற்றில் ஒரு கன மீட்டருக்கு ஏறத்தாழ 1,00,000 பெக்கரல் அளவில் நிறைந்திருந்தது. விநாடிக்கு ஓரணு சிதைவதே ஒரு பெக்கரல். உலக சுகாதார நிறுவனம் 2009-இல் வகுத்த எல்லை 100 பெக்கரலே. குளிர்நாட்டு வீடுகள் அடைபட்டவை. உள்ளே சூடேறிய காற்று மேலெழ, நிலவறைத் தளத்தின் பிளவுகள் வழியே மண்ணின் காற்று உறிஞ்சப்பட்டு உட்புகுகின்றது. 1988-இல் ரேடான் மனிதர்க்குப் புற்று விளைப்பதென அகிலவுலகப் புற்று ஆராய்ச்சி நிலையம் உறுதிசெய்தது. நுரையீரற் புற்றில் நூற்றுக்கு 3 முதல் 14 வரை இதனால் நேர்கின்றன என்பது கணிப்பு. அதிலும் புகை பிடிப்பார்க்கு உண்டாகும் இடர் பிடியாதார்க்கு உள்ளதைப்போல் 25 மடங்கு என்கின்றனர். மக்டானல்டின் புகையிலையையும் ரதர்போர்டின் ஆவியையும் ஒரே கணக்கில் வைத்தெண்ணுவர் என யாம் முன்னர்க் கூறியது இதுவே.

நம் கடற்கரையைப் பற்றியும் இரண்டொரு வார்த்தை. மணவாளக்குறிச்சி மணலிற் கலந்துள்ள மோனசைட் மணிகளில் நூற்றுக்கு எட்டொன்பது பங்கு தோரிய ஆக்சைடு உண்டு. 1909-இல் திருவிதாங்கூரினின்று ஏற்றுமதியான கயிற்றில் ஒட்டியிருந்த மணலைக் கண்டு ஷாம்பர்க் என்னும் ஜெர்மானியர் அதனை அறிந்தார். ரதர்போர்டின் அறையிற் கதவு திறந்தவுடன் அலைந்த அதே தோரியம் நம் கடற்கரையிற் காலின்கீழ்க் கிடக்கின்றது. இதனாற் சிலர் அஞ்சுவர், சிலர் நகைப்பர். இரண்டும் அளவாமற் செய்வனவே. இத்தகைய மணலுள்ள கேரளக் கருநாகப்பள்ளியிற் பல்லாண்டு பல்லாயிரவரைத் தொடர்ந்து ஆராய்ந்து 2009-இல் வெளியிட்ட முடிவில், அந்நிலத்துக் காமாக் கதிரால் புற்றுநோய் மிகுந்ததாகக் காணப்படவில்லை. கதவும் சன்னலும் திறந்துகிடக்கும் வீட்டில் ஆவியும் பெரும்பாலும் தங்குவதில்லை. அடைத்துக் குளிரூட்டும் வீடுகள் நம் ஊர்களிலும் பெருகி வருகின்றனவாதலின், பழைய அளவே போதுமென்று இருத்தலும் ஆகாது.

ரதர்போர்டின் பிற்காலத்தைச் சுருங்கக் கூறுவோம். 1919-இல் தாம்சனுக்குப் பின் கேவண்டிஷ் கூடத்தின் தலைவரானார். 1931-இல் பிரபுப் பட்டம் பெற்றபோது தம் பிறந்த மண்ணை மறவாது நெல்சன் நகரின் பெயரையே பட்டத்திற் சேர்த்துக்கொண்டு, நியூசிலாந்திலிருந்த தாயாருக்குத் தந்தி விடுத்தார். அவ்வன்னையாருக்கு அவர் கடிதம் எழுதுவதை 1935-இல் அவர் இறக்கும்வரை விட்டாரல்லர். உரத்த குரலினர், ஆய்வுக்கூடத்தில் வேலை செவ்வே நடக்கும்போது போர்வீரரை விளித்துப் பாடும் பழைய ஆங்கிலக் கீர்த்தனை ஒன்றை இசைக்குச் சிறிதும் ஒவ்வாது பாடிக்கொண்டு சுற்றிவருவாராம். எம் கலாசாலை ஆராதனையிற் பின்வரிசையில் அமர்வாருள் அவருக்கு இனத்தார் பலர் உளர். முதல் உலகப் போரில் வியன்னா பகைவர் நகரமாயிற்று. அங்கிருந்து கடனாக வந்த ரேடியம் பகைவர் உடைமையாயிற்று. போர் முடிந்து அந்நகர் வறுமையுற்றிருந்தபோது, 1921-இல் அந்த ரேடியத்திற்குரிய விலையைக் கொடுத்து வாங்கினார் ரதர்போர்டு. வேண்டாமென்று எவரும் தடுத்திரார், கொடாவிடினும் எவரும் கேட்டிரார். 1930-இல் கிறிஸ்துமசுக்கு இரு நாள் முன்னர் அவருடைய ஒரே மகள் ஐலீன், நான்காம் மகப்பேற்றின்பின் இறந்தார். 1933 முதல் ஜெர்மனியினின்று துரத்தப்பட்ட அறிஞர்களுக்கு இடம் தேடிக் கொடுக்கும் சங்கத்திற்குத் தலைவராயிருந்து உழைத்தார்.

1938 ஜனவரியிற் கல்கத்தாவில் இந்திய விஞ்ஞான மகாசபையின் 25-ஆம் ஆண்டுக் கூட்டம் நடைபெறவிருந்தது. தலைமை தாங்க ரதர்போர்டு இசைந்து, தலைமையுரையையும் எழுதி முடித்திருந்தார். 1937 அக்டோபரில் குடலிறக்கம் முறுகி, சத்திர சிகிச்சை செய்தும் பயனின்றி, அம்மாதம் 19-ஆம் நாள் கேம்பிரிட்ஜில் உயிர்நீத்தார். வெஸ்ட்மின்ஸ்டர் ஆலயத்தில் நியூட்டனின் கல்லறைக்கு அருகே அவர் சாம்பல் வைக்கப்பட்டது. கல்கத்தாவில் அவர் இருக்கையில் ஜேம்ஸ் ஜீன்ஸ் அமர்ந்தார்; எழுதியவர் வாராமலே அவ்வுரை அவைக்கு அளிக்கப்பட்டது.